பின் சீட்டு மரியாதை

எங்கள் பக்கத்தில் யாரும் யார் மனதையும் நோகடிக்க மாட்டார்கள். அந்த நல்ல குணத்தால்தான் என் இடுப்பு போனது.

அறுபதுகளின் தொடக்கம். கல்யாணமாகி நான் துடியலூருக்கு வந்த புதிது. என் வீட்டுக்காரர் ஒரு மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். வால்பாறை எஸ்டேட் துரை ஒருவர் மலையில் ஏற்றி இறக்கி, போதும் போதும் என்றான பிறகு விற்ற வண்டி. பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் நிற்கிற ஷாக் அப்சார்பர்கள் செத்து வெகுகாலம் ஆகியிருந்தது. பள்ளம் வந்தால் வண்டி கீழே போகும், நான் மேலே போவேன். நான் கீழே வருகிற நேரம் பார்த்து அது மேலே வரும்.

ஓட்டுகிறவருக்கு இதெல்லாம் தெரியாது. அவர் சீட்டுக்கு அடியில் தனியாக ஸ்பிரிங் இருந்தது. "ஏனுங்க, பின்னால தூக்கித் தூக்கிப் போடுதுங்க" என்றால், "உனக்கு உக்காரத் தெரியல அம்மணி" என்பார். அதற்குச் சாட்சிகளும் வைத்திருந்தார். பின்னால் ஏறிய ஆண்கள் அத்தனை பேரும் இறங்கும்போது "சொகமா இருந்துச்சுங்க" என்று சொன்னவர்கள். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் வழியில் நாக்கைக் கடித்துக்கொண்டார். வேலியோரம் போய் ரத்தத்தைத் துப்பிவிட்டு வந்து, "அருமைங்க" என்றார். இவருடைய பெரியப்பா, நல்ல கனத்த சரீரம், ஒரே ஒரு தடவை ஏறினார். "தேர்ல வந்தாப்ல இருந்துச்சு சாமி" என்றார். அதன் பிறகு எப்போது கூப்பிட்டாலும், "எனக்கு ஒரு சோலி இருக்குது, நீ முன்னால போ, நான் பஸ்ல வாரேன்" என்று நழுவிவிடுவார். இதை என் வீட்டுக்காரர் கவனித்ததே இல்லை. நான் கவனித்தேன். வயிறு எரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் உடுமலைப்பேட்டையில் என் தங்கையின் புது வீட்டுப் புண்ணியார்ச்சனை வந்தது. அவளுக்கு வீடும் புதிது, வாசலில் நிற்கிற காரும் புதிது. என்னைப் பார்த்துக் கொஞ்சம் பரிதாபப்படவும் தொடங்கியிருந்தாள். அவள் வாசலில் நான் கொண்டை குலையாமல், பட்டுச்சேலை கசங்காமல், சொந்த வண்டியில் போய் இறங்க வேண்டும். அப்போது எனக்கு அதைவிடப் பெரிய ஆசை எதுவும் இல்லை. அந்த வண்டியில் அப்படியே போயிருந்தால் என்னை அள்ளித்தான் இறக்கியிருக்க வேண்டும்.

பிடிவாதம் பிடித்து அவரைப் போத்தனூரில் ஒரு பாயின் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். பாய் சீட்டைக் கையால் ஓர் அழுத்து அழுத்தினார். "நல்லாத்தானுங்களே இருக்குது?" என்று என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "நல்லா இருக்குதுங்க" என்றார் பாய்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏனுங்க பாய், நீங்க ஓட்டுங்க. இவிங்க பின்னால உக்காரட்டும்" என்றேன்.

இரண்டு பேரும் ரயில்வே கேட் வரை போய்த் திரும்பினார்கள். என் வீட்டுக்காரரின் மூக்குக்கண்ணாடி ஒரு காதில் தொங்கிக்கொண்டிருந்தது. இடுப்பைப் பிடித்தபடி இறங்கினார்.

"எப்படிங்க இருந்துச்சு?" என்று பாய் கேட்டார்.

"நீங்க நல்லா ஓட்டறீங்க" என்றார் இவர்.

பாய்க்கு மகிழ்ச்சி. கை கழுவப் போய்விட்டார்.

"வண்டியப் பத்திச் சொல்லுங்க" என்றேன்.

"ரோடுதான் கொஞ்சம் சரியில்ல."

"அப்ப வேற ரோட்டுல ஒருக்கா போயிட்டு வாங்க."

அவர் உடனே திரும்பி, "மாத்திப்போடுங்க பாய்" என்றார்.

கழற்றிய ஜோடியைப் பாய் தரையில் வைத்து அமுக்கினார். அமுங்கியது அமுங்கியபடியே கிடந்தது. "உசுரு எப்பவோ போயிருச்சுங்க" என்றார். பிறகு ஏன் நல்லா இருக்குது என்றீர்கள் என்று கேட்டேன். "அவுங்க அத்தன ஆசையாக் கேக்கறாங்க அம்மணி, எப்படிங்க இல்லைங்கறது?" என்றார். அவரை என்ன செய்ய முடியும்.

புது ஜோடி மாட்டித் திரும்பும்போது வழக்கமான குழி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை. சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரர் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார், பழசு போயிருந்ததைத் தானே கண்டுபிடித்த மாதிரி.

விசேஷத்தன்று விடிந்ததும் பட்டுச்சேலை கட்டிப் பூ வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். பின் சீட்டில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். தோளில் மடித்த துண்டு, மடியில் நான் எடுத்து வைத்திருந்த சீர்த்தட்டு. என் வீட்டுக்காரர் வண்டியைக் கிளப்பிவிட்டு ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பஸ்ல போனா முட்டி புடிச்சுக்குது கண்ணு. நான் இதுல போயிக்கட்டுமா?" என்று பெரியவர் கேட்டார்.

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சௌகரியமாப் போயிட்டு வாங்க மாமா" என்று வந்தது.

உடுமலை பஸ்ஸில் எனக்குக் கடைசி சீட்டுத்தான் கிடைத்தது.