குப்புறப் படுத்துப் பார்த்த கால்

வெடித்த குதிகால். வெடிப்புக்குள் வெள்ளை வெள்ளையாய் உப்பு. கப்பலில் அந்த ஆளை நான் பார்த்தது அவ்வளவுதான். கடற்கொள்ளைக்காரர்கள் துப்பாக்கியோடு எங்கள் சரக்குக் கப்பலில் ஏறியதும் எல்லோரையும் மேல்தளத்தில் குப்புறப் படுக்க வைத்துவிட்டார்கள். தலையைத் தூக்கினால் சுட்டுவிடுவார்களோ என்று கன்னத்தைச் சுடுகிற இரும்பிலேயே வைத்திருந்தேன். உச்சி வெயிலில் அந்தக் கால் வந்து நின்றது. ஒரு கை என் வாயருகே தண்ணீர் பாட்டிலைச் சாய்த்துப் பிடித்தது. குடித்தேன். கால் போய்விட்டது.

மறுநாள் நேவி வந்து அவர்களை மடக்கியது. பிடிபட்டவர்களில் சிலர், நாங்கள் மீன்பிடிக்கிறவர்கள், படகோடு எங்களையும் இழுத்து வந்துவிட்டார்கள் என்று அழுதார்களாம். யார் யாரென்று பிரிக்கச் சாட்சி வேண்டும் என்று எங்களைக் கூப்பிட்டார்கள். கோர்ட்டுக்குப் போகும் வழியில் எங்கள் சமையல்காரர், கோட்டக்குப்பத்து பாய், கேட்டார்: "டேய், காலைப் பாத்து ஆளைச் சொல்லுவியா? செருப்புக் கடையா வச்சிருக்க?" "நான் மரக்காணத்து உப்பளத்துக்காரன் பாய். எங்கப்பா காலு மாதிரியே இருந்துச்சு. எனக்குத் தெரியாதா?" என்றேன்.

வரிசையில் அந்தக் காலைக் காட்டினேன். அது பொய்யில்லை. "கையில் துப்பாக்கி இருந்ததா?" என்று வக்கீல் கேட்டார். நான் பார்க்கவில்லை. ஆனால் இவன் வெளியே வந்து என்னைத் தேடினால்? "இருந்துச்சுங்க" என்றேன். அவனுக்கு நம் பேச்சு புரியாது. என்னைப் பார்த்துச் சிரித்தான். தண்ணீர் கொடுத்ததைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டான் போல. அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"அவனுக்குப் பல வருஷம் ஜெயில் போட்டுட்டாங்க. இப்ப நிம்மதியா?" என்று பாய் பிறகு போனில் கேட்டார்.

நான் எட்டாவதோடு நின்றவன், சட்டம் தெரியாது. உப்பு தெரியும். வேகப் படகில் துப்பாக்கியோடு திரிகிறவனுக்குக் குதிகால் அப்படி வெடிக்காது. வருஷக்கணக்காக உப்பில் நிற்க வேண்டும். மீன்படகின் அடித்தட்டில் நின்று மீனுக்கு உப்புப் போட்டவன் அவன். அப்பா காலைப் பார்த்து வளர்ந்த எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் இருந்ததோ என்னவோ. இப்போது போய்ச் சொன்னால் பொய்ச்சாட்சி என்று என்னை உள்ளே வைப்பார்களோ என்று அதற்கும் பயம்.

கப்பலை விட்டுவிட்டு உப்பளத்தில் இறங்கிவிட்டேன். "காலுக்கு எண்ணெ தடவுங்களேன், பாக்கவே சகிக்கல" என்கிறாள் வீட்டுக்காரி. தடவுவதில்லை. மத்தியானம் வரப்பில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைத் திறக்கிறேன். கண் தானாகக் குதிகாலுக்குப் போகிறது. வெடிப்புக்குள் வெள்ளை வெள்ளையாய் உப்பு. குடிக்காமலே மூடியைத் திருகி வைத்துவிடுகிறேன்.