மாமனார் மூன்றாம் ஆள் ஆன கதை

எண்பதுகளின் பின்பாதி. பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில்தான் எங்கள் மோட்டார் இன்சூரன்ஸ் ஏஜென்சி. பத்து மணிக்கே கீழிருந்து மீன் குழம்பு வாசம் ஏறி வரும். கிளைம் கேட்டு வருகிறவர்களின் கோபம் அதிலேயே பாதி தணிந்துவிடும் என்பார் முதலாளி தேவராஜ். அந்தத் திங்கட்கிழமை தணியவில்லை.

கிள்ளானில் ஜவுளிக்கடை வைத்திருந்த சிதம்பரம் அங்கிள் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். புத்தம்புது புரோட்டான் சாகா காரை ரொக்கமாக வாங்கியவர். கடனில் வாங்கியிருந்தால் சொந்தக் காருக்கும் சேர்த்துப் பணம் தரும் காம்ப்ரிஹென்சிவ் பாலிசி இல்லாமல் பேங்க் விட்டிருக்காது. இவரை யார் கேட்பது? "முப்பது வருஷமா காடி ஓட்றேன், ஒரு கீறல் விழுந்ததில்ல. சீப்பா தேர்ட் பார்ட்டி போட்டா போதும்லா" என்று சொல்லிவிட்டார். நானும் எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

"காடி முன்பக்கம் அப்பளமா ஆயிடுச்சும்மா. எப்ப ரிப்பேர் பண்ணித் தருவீங்க?"

"அங்கிள், உங்களது தேர்ட் பார்ட்டி பாலிசி. நீங்க யாரையாவது இடிச்சா அவங்களுக்குத்தான் கொடுக்கும். உங்க காடிக்குக் கிடைக்காது."

"நான் எங்கம்மா இடிச்சேன்? வீட்டு வாசல்ல ரோட்டோரமா சும்மா நின்ன காடி. லோரி ரிவர்ஸ்ல வந்து ஏறிடுச்சு."

எனக்கு உயிர் வந்தது. "அப்படின்னா கவலை இல்ல. லோரிக்காரர் பாலிசிதான் கொடுக்கணும். அந்தப் பாலிசிக்கு நீங்கதான் தேர்ட் பார்ட்டி. லோரி யாருதுன்னு தெரியுமா?"

அவர் சுழலும் ஃபேனை நிமிர்ந்து பார்த்தார். "தெரியும். மாப்பிள்ளையோடது."

மாப்பிள்ளை குணசேகரனும் என் கஸ்டமர்தான். கிள்ளானுக்குப் பக்கத்தில் மேருவில் லோரி டிரான்ஸ்போர்ட் நடத்துகிறவர். சிதம்பரத்தின் மூத்த மகள் வசந்தியைக் கட்டியிருந்தார். இரண்டாவது மகளின் கல்யாணத்துக்குப் பந்தல் சாமான் இறக்க வந்த இடத்தில்தான் இந்த விபத்து. கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு அந்த சாகாவில்தான் பூ அலங்காரம் என்று அங்கிள் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

தேவராஜ் பொறுமையாக விளக்கினார். பாலிசி எடுத்தவர் முதல் ஆள், இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டாம் ஆள், பாதிக்கப்பட்ட மற்றவர் மூன்றாம் ஆள்.

"நான் பொண்ணு கொடுத்தவன். நான் எப்படி மூணாவது ஆள் ஆவேன்?"

"பாலிசில அப்படித்தான் அங்கிள்."

"அவனுக்கும் எனக்கும் நடுவுல ஒரு கம்பெனி வேற நிக்குதா?"

அதுகூடப் பரவாயில்லை. போலீஸ் ரிப்போர்ட் வேண்டும் என்றதும் எழுந்துவிட்டார். மாப்பிள்ளைமேல் ரிப்போர்ட் கொடுத்தால் புதுச் சம்பந்தி என்ன நினைப்பார்?

மத்தியானம் குணசேகரன் வந்தார். விஷயத்தைச் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தார். "எட்டு வருஷமா அந்த வீட்ல நான்தான், மிஸ், தேர்ட் பார்ட்டி. இப்ப அவரு இருந்து பார்க்கட்டும்."

மாமனார் கிளைம் செய்தால் இவருடைய என்சிடி போய்விடும் என்று நான் சொன்னதும் சிரிப்பு நின்றது. கிளைம் இல்லாத வருடங்களுக்குச் சேர்ந்து வரும் பிரீமியத் தள்ளுபடி அது. "என் என்சிடியா? கல்யாண வீட்டுக்கு லோரி வரும்னு தெரியும்ல? அங்க காடிய யாரு போடச் சொன்னா?"

அன்று சாயங்காலம் வசந்தி போன் செய்தார். "மிஸ், ரெண்டு பேரும் பேசிக்கிறதில்ல. அப்பா என்னைப் பார்த்து 'உன் லோரி'ங்கிறாரு. இவரு 'உங்கப்பா காடி'ங்கிறாரு. எனக்கு லைசன்ஸே கிடையாது!"

மறுநாள் அந்த லைசன்ஸ் இல்லாத பெண்தான் ஒரு டாக்சி பிடித்து, இருவருக்கும் நடுவில் தான் உட்கார்ந்து, இரண்டு பேரையும் போலீஸ் நிலையத்தில் கொண்டுபோய் இறக்கினார். ரிப்போர்ட் ஆயிற்று. குணசேகரனுக்கு ஒரு அபராதச் சம்மனும் கிடைத்தது.

அடுத்த வாரம் லோரிக்கு இன்சூரன்ஸ் கொடுத்த கம்பெனியிலிருந்து விபத்தை விசாரிக்க அட்ஜஸ்டர் பீட்டர் வந்தார். சிரிக்காமல் பேசும் மனிதர். "மாமனார் காடி, மருமகன் லோரி, ரெண்டுக்கும் ஒரே ஏஜென்ட். கேட்கவே நல்லா இருக்கே!"

இருவரும் ஒரே வீட்டில் குடியிருந்தால் கிளைம் கிடையாது, அந்தப் பாலிசியில் கூடக் குடியிருக்கும் குடும்பத்தார் பொருளுக்கு இடமில்லை. கூட்டுச் சேர்ந்து இடித்திருந்தால் அதைவிட மோசம். அதனால் அங்கிளின் வீட்டையே பார்க்க வேண்டும் என்றார். நானும் கூடப் போனேன்.

போன நேரம் சரியில்லை. அன்று காலையில்தான் வசந்தி எப்படியோ சமாதானம் செய்திருக்கிறார். மாமனாரும் மருமகனும் ஒரே மேசையில் பக்கத்துப் பக்கத்தில். அங்கிள் தன் கையால் மாப்பிள்ளையின் தட்டில் வடை வைத்துக்கொண்டிருந்தார். பீட்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ரொம்ப ஒற்றுமையா இருக்கீங்க. குணசேகரன், நீங்க இங்கதான் தங்குறீங்களா?"

"இங்கயா? ஒரு ராத்திரி தங்கினதில்ல சார். தூக்கம் வராது."

அங்கிளின் கையிலிருந்த அடுத்த வடை தட்டுக்குப் போகவில்லை.

"ரிவர்ஸ் எடுக்கிறப்ப யாராவது பின்னால நின்னு பார்த்தாங்களா?"

"நான்தான் நின்னேன்," என்றார் அங்கிள். இதை அவர் என்னிடம் சொல்லவே இல்லை. "வரலாம், வரலாம்னு சொன்னேன்."

"கேட்டுக்குங்க சார். வரலாம்னு சொன்னாரு, வந்தேன்."

"அதுக்காக காடி மேலயா வருவ? நிறுத்து நிறுத்துன்னு தொண்டை கிழியக் கத்தினேனே, காதுல விழல?"

"விழுந்துச்சு. நீங்க எப்பவும்தான் கத்துவீங்க. எது நிறுத்துறதுக்குக் கத்துறது, எது சும்மா கத்துறதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அடுத்த பத்து நிமிடம் எட்டு வருடத்துக் கணக்கெல்லாம் மேசைக்கு வந்தது. தலை தீபாவளிக்கு எடுத்த வேட்டியின் தரம் வரைக்கும் போனது. வசந்தி சமையலறை வாசலில் நெற்றியில் கை வைத்து நின்றார். பீட்டர் ஆறிப்போன தேநீரை முழுசாகக் குடித்துவிட்டு எழுந்தார்.

"நிறுத்துன்னது காதுல விழுந்தும் நிறுத்தல. லோரி மேலதான் தப்பு. தனித்தனி வீடு. இவங்க ரெண்டு பேரும் கூட்டுச் சேர்ந்து செஞ்சாங்கன்னு என்னால எழுத முடியாது," என்றார். வெளியே வந்து தன் காரில் ஏறிய பிறகுதான் சிரித்தார்.

கிளைம் பாஸானது. ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனி முகூர்த்த நாள் பார்ப்பதில்லை. கல்யாணத்தன்று சாகா இன்னும் வொர்க்‌ஷாப்பில் பானெட் இல்லாமல் நின்றது. குணசேகரன் ஒரு நண்பரின் மெர்சிடிஸை இரவல் வாங்கி, தானே ஓட்டிப் புது மாப்பிள்ளையை அழைத்து வந்தார். பின்சீட்டில் அங்கிள். மண்டப வாசலில் "நிறுத்து!" என்று அவர் கத்த, வண்டி அந்த இடத்திலேயே குலுங்கி நின்றது. புது மாப்பிள்ளையின் தலைப்பாகை முன்சீட்டுக்குப் போய் விழுந்தது.

இத்தனை வருட வேலையில் நான் கண்டது ஒன்றுதான். பாலிசி எடுக்க வருகிறவர்கள் எல்லாரும் தங்கள் ஓட்டும் திறமையைப் பற்றியே பேசுகிறார்கள். இடிக்கப்போகிறவன் எப்படி ஓட்டுவான் என்று ஒருவரும் யோசிப்பதில்லை. சிதம்பரம் அங்கிள் யோசித்தார். பாலிசி புதுப்பிக்க வந்தவர், நான் கேட்பதற்கு முன்பே காம்ப்ரிஹென்சிவ் என்றார்.

"வெள்ளத்துக்குத் தனியா எக்ஸ்ட்ரா போடணும் அங்கிள். போடவா?"

"வெள்ளம் எப்பவோ வரும், அத விடு. மாப்பிள்ளை இடிச்சா கவர் ஆகுமா?"

"யார் இடிச்சாலும் உங்க காடிக்கு உங்க பாலிசியே கொடுக்கும்."

"அப்ப நல்லாப் பார்த்துப் போடும்மா," என்றார் அங்கிள். "வீட்ல இன்னும் ரெண்டு பொண்ணு இருக்கு."