பேர் தெரியாதவருக்கு ஒரு இலை

போன வாரம் ஒரு பெண், பட்டப்பகலில், என் வீட்டு ஹாலில் உட்கார்ந்துகொண்டு, நான் எப்படிச் செத்தேன் என்று எனக்கே விளக்கிச் சொன்னாள்.

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் முழங்காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இருந்தது.

ஆரம்பத்திலிருந்து சொல்லிவிடுகிறேன்... இல்லாவிட்டால் 'இந்த ஆளுக்குக் கோயமுத்தூர் வெயில் தலைக்கேறிவிட்டது' என்று நீங்கள் முடிவு கட்டிவிடுவீர்கள்.

ஜூன் மாதம் பிறந்தால் என்னைத் தேடி அப்பாக்கள் வருவார்கள். பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை! எந்தக் காலேஜ், எந்த குரூப், எதைப் படித்தால் எந்த மில்லில் வேலை... நானும் தெரிந்த மாதிரியே தலையை ஆட்டி வைப்பேன்.

அப்படித்தான் ஆறுமுகமும் வந்தார். கிணத்துக்கடவுப் பக்கம் தென்னந்தோப்பு. கையில் ஒரு இளநீர்க் குலை. பின்னால் மகள் ருக்மணி, பி.யூ.சி. பாஸ் செய்தவள்.

"கும்பிடறேனுங்க. புள்ள மேல படிக்கோணுங்குது. படிக்கட்டும், நான் வேண்டாங்கலீங்க. கணக்கு எடுத்தா டீச்சராகலாம், பேங்குக்குப் போலாம்னு சொல்றாங்க. இது என்னடான்னா சரித்திரந்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்குது. ஹாஸ்டலுக்குக் கட்டோணும்னா கறவை எருமைய வித்தாகோணுமுங்க. எருமையும் போயி, நாளைக்குச் சரித்திரம் சோறும் போடாட்டி என்னங்க பண்றது? நாளையோட காலேஜுல கடைசித் தேதி. நீங்க சொல்றாப்பல செஞ்சுபோடறேன்."

நியாயமான கேள்விதானே? சரித்திரம் சோறு போடுமா?

இதே கேள்வியை என் அப்பா என்னைக் கேட்டார். ஏனென்றால் நானும் சரித்திர பி.ஏ. உங்களில் பலருக்கு இது தெரியாது. தெரியும்படி நான் எழுதியதும் இல்லை!

ஆறுமுகத்திடம் உள்ளதைச் சொன்னேன். சரித்திரத்தில் ஒரே சௌகரியம், லேப் பீஸ் கிடையாது. செத்தவர்களைப் படிக்கக் கண்ணாடிக் குழாய் வேண்டாம். ஆனால் புஸ்தகம் தலையணை கனம், விலையும் அப்படித்தான். பி.ஏ. முடித்தால் குமாஸ்தா பரீட்சை எழுதலாம், ஊரே எழுதுகிறது. வாத்தியார் வேலைக்குப் போக வேண்டுமானால் மேலே பி.டி. படிக்க வேண்டும், அதற்கு இன்னொரு செலவு. எம்.ஏ. வரைக்கும் போனால் காலேஜிலேயே வேலை உண்டு - அந்த நாற்காலியில் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர் எழுந்தால்! இத்தனை மில் இருக்கிற ஊரில், 'எங்களுக்கு ஒரு சரித்திரக்காரர் தேவை' என்று எந்த மில்லாவது விளம்பரம் கொடுத்துப் பார்த்திருக்கிறீர்களா?

ஆறுமுகம் 'கேட்டுக்கிட்டயா?' என்பது போல மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

'கணக்கே எடுக்கட்டும்' என்று தீர்ப்புச் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். எருமை பிழைத்தது என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முடிப்பது முறையில்லையே...

"ஏங் கண்ணு, சரித்திரத்து மேல அப்படி என்ன ஆசை?"

"ஆசையெல்லாம் இல்லீங்க. எங்க தோட்டத்துல ஒருத்தர் இருக்காருங்க. அவரு யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகோணும்."

"குடியிருக்கிறாரா?"

"இல்லீங்க. செத்துப் போனவருங்க. வேப்பமரத்தடியில ஒரு பெரிய தாழிக்குள்ள இருக்காரு. பேரு நாச்சிமுத்துங்க."

என் பேர் நாச்சிமுத்து.

இந்தப் பக்கத்தின் தலையில் வாராவாரம் அச்சாகிற பேர் புனைபெயர். அதை மட்டும் விசாரித்துக்கொண்டு வந்த ஆறுமுகத்துக்கு இது தெரிய வழியே இல்லை.

"அவரு பெரிய தளபதியாமுங்க," என்றாள் ருக்மணி. "சண்டையில தோத்து வந்தவர எதிரிங்க கிணத்துல தள்ளிப்போட்டாங்களாம். சாகறப்ப, 'என்ற பேரச் சொல்லிச் சோறு வைங்க, இந்தக் கிணத்துல தண்ணி வத்தாம நான் பாத்துக்கறேன்'னு சொன்னாராம்."

இப்போது புரிகிறதா, நான் ஏன் முழங்காலைத் தொட்டுப் பார்த்தேன் என்று?

நடந்தது இதுதான்.

பி.ஏ. முடித்துவிட்டு, கிணத்துக்கடவில் அப்பா வீட்டில் நான் சும்மா உட்கார்ந்திருந்த காலம். மழை பொய்த்த வருஷம். பக்கத்துத் தோட்டத்துச் சின்னச்சாமி புதுக் கிணறு வெட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் உச்சி வெயிலில் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க தம்பி, நீங்க செத்துப்போனவங்களப் பத்தித்தான படிச்சிருக்கறீங்க? ஒரெட்டு வந்து பாத்துட்டுப் போங்க."

சரித்திரம் படித்ததற்காக என்னை ஒருவர் வேலைக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வேகமாகச் சட்டையை மாட்டினேன்!

கிணறு பாதி ஆழம் வந்திருந்தது. பக்கச் சுவரில் ஒரு பெரிய மண்தாழி துருத்திக்கொண்டு நின்றது. அந்தக் காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைக்கிற தாழி. நம் பக்கத்தில் கடப்பாரை போட்டால் இப்படி எங்காவது அகப்படும். வெட்டுகிற ஆட்கள் அத்தனை பேரும் மேலே ஏறி வந்து கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டார்கள்.

மேஸ்திரி விஷயத்தைச் சொன்னார். தாழியை எடுத்து வேறிடத்தில் வைக்கலாம், தப்பில்லை. ஆனால் உள்ளே இருக்கிறவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, 'சோறு வச்சிருக்குது, கொஞ்சம் நகந்துக்க' என்று கேட்க வேண்டும். வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்கு அதே பேர் சொல்லி இலை போட வேண்டும். அதுதான் அவர்கள் வழக்கம். பேர் தெரியாமல் தொட மாட்டார்கள்.

"பேரு மட்டும் சொல்லிப்போடுங்க தம்பி, போதும்," என்றார் சின்னச்சாமி. சரித்திரம் படித்தவனுக்குச் செத்தவர்கள் எல்லாரையும் தெரிந்திருக்கும் என்று அவர் மனசார நம்பினார். அதற்குத்தானே சரித்திரம்?

மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைக்கிற வடக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கினேன்.

தாழியின் வாய் உடைந்திருந்தது. உள்ளே, மடக்கி உட்கார வைத்த ஓர் ஆளின் எலும்புகள். பக்கத்தில் கறுப்பும் சிவப்புமாகச் சின்னச் சின்னக் கிண்ணங்கள். நான் கையில் எடுத்த ஒரு கிண்ணத்தின் விளிம்பில், வனைந்தவருடைய கட்டைவிரல் ரேகை அப்படியே இருந்தது. என் தலைக்குள் சேரன், சோழன், சுல்தான், கவர்னர் ஜெனரல் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். பட்டம் ஏறிய வருஷம், சண்டை போட்ட வருஷம் எல்லாம் தலைகீழ்ப் பாடம். அந்தக் கிண்ணத்தில் சாப்பிட்டவர் பேர் மட்டும் பாடத்தில் இல்லை.

"தெரியலைங்க!" என்று மேலே பார்த்துக் கத்தினேன்.

கிணற்றுக்குள் கத்தினால் எதிரொலிக்கும், இல்லையா? அன்றைக்கு எதிரொலிக்கவில்லை. பக்கத்தில் யாரோ காது கொடுத்து என் குரலை வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

மேலே வந்தால் சின்னச்சாமியின் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தென்னங்கன்றுகள் எல்லாம் குருத்து கருகி நின்றன. ஆட்கள் கூலியே வேண்டாம் என்று மூட்டை கட்டத் தொடங்கிவிட்டார்கள். எனக்கோ புதுப் பட்டதாரி மிடுக்கு.

"சரியான பேர் கிடைக்கிற வரைக்கும் என் பேரை வச்சுக்கங்க," என்றேன்.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். "உசுரோட இருக்கறவங்க பேருங்க தம்பி. நாங்க கூப்பிடறப்ப நீங்க வந்துரக்கூடாது."

நான் சிரித்தேன்.

அவர் வாழை இலையில் சோறு போட்டுக் கிணற்று மேட்டில் வைத்தார். குனிந்து உள்ளே பார்த்து, குழந்தையைக் கூப்பிடுகிற குரலில் சொன்னார்: "நாச்சிமுத்து... சோறு வச்சிருக்குது. கொஞ்சம் நகந்துக்க கண்ணு."

என் வலது கால் தானாக ஓர் அடி பின்னால் போனது.

நான் வைக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அது போனது. மேஸ்திரி அதைப் பார்த்தார். தாழியைக் கட்டித் தூக்கி வேப்பமரத்தடியில் வைத்தார்கள். சீக்கிரமே ஊற்றுக் கண் திறந்தது. சின்னச்சாமி எனக்கு ஒரு வண்டித் தேங்காய் அனுப்பினார். சரித்திரம் படித்து நான் வாங்கிய முதல் சம்பளமும் கடைசிச் சம்பளமும் அதுதான்.

அப்புறம் நான் கோயமுத்தூர் வந்து, ஓர் அச்சகத்தில் புரூப் பார்த்து, இப்படி உங்களிடம் வம்பளக்கிற நிலைமைக்கு உயர்ந்தேன். சின்னச்சாமி தோட்டத்தை ஆறுமுகத்துக்கு விற்றுவிட்டுத் தாராபுரம் பக்கம் போய்விட்டார். விற்கும்போது ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொண்டாராம்: ஆடி அமாவாசைக்கு நாச்சிமுத்துவுக்கு இலை போடுவதை நிறுத்தக்கூடாது.

பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்குமா? அதற்குள் நான் தளபதி! உயிரோடு மனு போட்டபோது தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாகக்கூட எடுக்கவில்லை. சரித்திரம் எப்படி உண்டாகிறது என்று எந்தப் பேராசிரியரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

ஹாலுக்கு வருவோம். இதையெல்லாம் நான் இன்னும் அவர்களிடம் சொல்லவில்லை. ருக்மணிதான் பேசிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பேரு தப்பா இருக்குமோன்னு எனக்கு ஒரு ரோசனைங்க."

"ஏன் அப்படித் தோணுது?"

"ஆடி அமாவாசைக்கு எங்க தாத்தனுக்குப் போடற இலையக் காக்கா வந்து ஒரு நிமிசத்துல காலி பண்ணிப்போடுதுங்க. பக்கத்துலயே வடை பாயசத்தோட நாச்சிமுத்துக்குப் போட்ட இலை இருக்குது. அதைத் தொடறதில்லீங்க. ஒரு வருசங்கூடத் தொட்டதில்ல. அவருக்குச் சோறு போய்ச் சேரலீங்க. வேற யாரோ சாப்பிட்டுக்கறாங்க."

சமையலறை வாசலில் ஒரு சத்தம். என் மனைவி கையிலிருந்த கரண்டி கீழே விழுந்திருந்தது.

"ஏனுங்க..." என்றாள் என்னைப் பார்த்து. முகம் வெளுத்திருந்தது. "ஆடி அமாவாசைங்களா?"

இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்கள் வீட்டில் வருஷம் தவறாமல் நடக்கிற சண்டை அது. ஆடி அமாவாசையன்று என் அப்பாவுக்குப் படைத்துவிட்டு, வடை பாயசத்தோடு இலை போட்டு என்னை உட்கார வைப்பாள். எனக்கு ஒரு கவளம் இறங்காது. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு எழுந்தவனைப் போல ஏப்பம் வரும். "எங்க போயித் தின்னுட்டு வந்தீங்க?" என்று அவள் கேட்பாள். பித்தம் என்று சொல்லிச் சமாளிப்பேன். சுக்குக் கஷாயம் வைத்துத் தருவாள்.

பித்தம் நாள் பார்த்து வருமா?

பயந்துவிட்டேன். வாசகர்களிடம் ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது?

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். என் பேர், கிணறு, மேஸ்திரி, பின்னால் போன கால். ஆறுமுகம் மெதுவாக எழுந்தார். ஓர் அடி தள்ளி நின்று, கோயிலில் கும்பிடுவதைப் போல இரண்டு கையையும் தூக்கி என்னைக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு எனக்கு வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது.

ருக்மணி கும்பிடவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்:

"அப்ப... உள்ள இருக்கறது யாருங்க?"

மூன்று வருஷம் காலேஜில் உட்கார்ந்தும் எனக்கு அந்தக் கேள்வி வரவில்லை. கிணற்றுக்குள் அந்தக் கிண்ணத்தைக் கையிலேயே வைத்திருந்தேன். அப்போதும் வரவில்லை. பேர் கேட்டார்கள், ஒரு பேரைக் கொடுத்து அனுப்பினேன்.

"அதக் கண்டுபுடிச்சா வேல கிடைக்குமுங்களா?" என்று ஆறுமுகம் தயங்கித் தயங்கிக் கேட்டார். அவர் கவலை அவருக்கு.

"கிடைக்கும்னு நான் பொய் சொல்லமாட்டேனுங்க. பேர் கிடைக்கும்னும் சொல்ல முடியாது. ஆனாலும் நாளைக்கே போய்ச் சரித்திரத்துல சேர்த்து விட்டுடுங்க. ஒரு எருமைக்கு ஆகிற பணம் நான் தர்றேன். தளபதி கொடுத்ததா இருக்கட்டும்."

அவர் மகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என்னைவிட என் நிழலைத்தான் அதிகமாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். "சரிங்க, சேத்துப்போடறேன்," என்றார்.

வாசல் வரைக்கும் போன ருக்மணி திரும்பி வந்தாள். "இந்த வருசம் பேரச் சொல்லாம இலை போடறமுங்க. 'நீங்க யாராயிருந்தாலும் சாப்பிடுங்க'ன்னு நான் சொல்லிக்கறேன்."

"அப்படியே செய் அம்மணி," என்றேன்.

சரித்திரம் சோறு போடுமா என்று கேட்கிறீர்கள். எனக்குப் போட்டிருக்கிறது. வருஷம் தவறாமல், வடை பாயசத்தோடு, இன்னொருவர் இலையிலிருந்து எடுத்து.

பாவம், இத்தனை வருஷமாக அவருக்குப் பசித்திருக்கும்.