பதினேழாம் பங்கேற்பாளரின் களைப்பு

"பங்கேற்பாளர் எண் 17. பெண். வயது 53. தொழில்: இல்லை. சமய ஈடுபாடு: மிகுதி. உடல் உபாதைகள்: குறிப்பிடும்படி ஏதுமில்லை. மனநலம்: மிக மிக நன்று."

மத்திய ஜாவாவில் ஓர் இஸ்லாமிய மருத்துவக் கல்லூரியின் இறுதியாண்டு மாணவி லுத்பியா எழுதிய ஆய்வேட்டின் முதல் வரைவில் கஸியாத்தி இப்படித்தான் இருந்தார். தெருவே 'இபு', அதாவது அம்மா, என்று மரியாதையாக அழைக்கும் அந்தப் பெண்மணிக்குத் தொழில் இல்லை என்பது அரசாங்க அடையாள அட்டையிலும் உண்டு. ஆகவே அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

தொழில் இல்லாத அவர் அன்றைக்கு அதிகாலைத் தொழுகையான சுபுஹுக்கு முன்பே எழுந்தார். பக்கவாதத்தில் வலது பாதியை இழந்து மூன்று வருடமாகப் படுத்திருக்கும் கணவர் ஸர்ஜோனோவைப் புரட்டிப் படுக்கவைத்து விரிப்பை மாற்றினார். தொழுதார். தேங்காய் துருவிப் பால் எடுத்துக் காய்கறிக் குழம்பு வைத்தார். புளிக்கவைத்த சோயாக் கட்டியான தெம்பேயைத் துண்டு போட்டுப் பொரித்தார். வீட்டின் பின்கட்டில் ஆறு அறைகளை ஆறு மருத்துவ மாணவிகளுக்கு வாடகைக்கு விட்டிருந்ததால் ஆறு தட்டு, ஆறு தம்ளர், ஆறு பேரின் தலைமுடி சேர்ந்து அடைத்த ஒரு குளியலறை. கம்பியை விட்டு அடைப்பைக் குத்தியெடுத்துவிட்டு, கணவருக்குக் கஞ்சியை ஸ்பூன் ஸ்பூனாக ஊட்ட உட்கார்ந்தார். அவர் விழுங்க நேரம் ஆகும். அந்த நேரத்தைத்தான் கஸியாத்தி ஓய்வு என்று கணக்கு வைத்திருந்தார்.

லுத்பியா மூன்றாம் அறைக்காரி. அவளுடைய ஆய்வுத் தலைப்பைச் சொல்லி முடிப்பதற்குள் சொல்பவருக்கு மூச்சு வாங்கும். சுருக்கினால் இவ்வளவுதான்: பயான் என்னும் மார்க்கச் சொற்பொழிவுக் கூட்டங்களுக்குத் தவறாமல் போகும் நடுவயதுப் பெண்கள், போகாதவர்களைவிட மன நிம்மதியோடு இருக்கிறார்களா? கேள்விகள் புரியும்படி இருக்கின்றனவா என்று பார்க்க அவள் முதலில் தனக்கே அவற்றைப் போட்டுப் பார்த்தாள். வந்த குறைந்த மதிப்பெண்ணைக் கண்டு, நன்றாகவே புரிகின்றன என்று முடிவு செய்தாள். மனநலத்தைப் பற்றி ஆராயத் தொடங்கிய பிறகு அவள் தட்டில் பாதிச் சோறு மிஞ்சுவதை கஸியாத்தி மட்டும் கவனித்திருந்தார்.

பங்கேற்பாளர்களைப் பிடித்துத் தந்தவரும் கஸியாத்திதான். புதன்கிழமைதோறும் மாலைத் தொழுகையான அஸருக்குப் பின் தெருமுனைத் தொழுகைக் கூடத்தில் பெண்களுக்கான பயான் நடக்கும். நடத்துபவர் இமாமின் மனைவி இபு ஹிந்துன். அவர் குரலுக்கு மைக் தேவையில்லை. இருந்தும் மைக்கில்தான் பேசுவார், தெருவும் கேட்கட்டும் என்று. வாக்கியத்தைப் பாதியில் நிறுத்துவார். மீதியைப் பெண்கள் ஒரே குரலாக முடித்துவைக்க வேண்டும். எல்லா வாரமும் அப்படித்தான்.

"ஒவ்வொருத்தரும் தனித்தனியா எழுதணும், இபு. ஒருத்தர் பதில் இன்னொருத்தருக்குத் தெரியக்கூடாது," என்றாள் லுத்பியா.

"நமக்குள்ள என்னம்மா ஒளிவுமறைவு? பாதிப் பேர் கண்ணாடி கொண்டு வரல. நான் வாசிக்கிறேன். நீ போய் உக்காரு."

இபு ஹிந்துன் வாசித்தார். அவருக்கு ஒரே ஒரு ராகம்தான் உண்டு, அந்த ராகத்தில்.

"கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் சலிப்பாக..."

"இல்லே!" என்றது கூடம்.

"எதிர்காலத்தைப் பற்றி நம்பிக்கை இழந்து..."

"அஸ்தஃபிருல்லாஹ்! இல்லவே இல்லே!"

"களைப்பாக, சக்தியே இல்லாமல்..."

"இல்லே!"

"கொஞ்சம் மெதுவா வாசிங்க," என்று பின்வரிசையிலிருந்து ருஸ்மினி கத்தினாள். மூலையில் பலகாரக் கடை வைத்திருப்பவள். "எதிர்வீட்டு ஸுகார்த்தி வரல. அவளுக்கும் நான்தான் போடறேன்."

"அவளுக்கு எப்படி இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் இபு ஹிந்துன்.

"அவளுக்கு என்ன, நல்லாத்தான் இருப்பா. அவ மருமகதான் கஷ்டப்படறா."

பக்கத்திலிருந்த ஒருத்தி லுத்பியாவின் காதருகே குனிந்தாள். "எதைப் போட்டா நீ பாஸாவே? அதைச் சொல்லிடு கண்ணு. எதுக்குச் சுத்தி வளைச்சுக்கிட்டு."

லுத்பியா எழுந்து தடுத்திருக்கலாம் என்று படித்தவர்கள் சொல்லக்கூடும். ஆனால் எல்லோரும் அவளுடைய அம்மா வயதுக்காரர்கள். அவளுக்காகவே வாழையிலையில் சோறு சுருட்டி அவித்துக் கொண்டுவந்திருந்தார்கள். தவிர, இபு ஹிந்துன் கையிலிருந்து மைக்கை வாங்கக்கூடிய ஆள் அந்தத் தெருவில் இன்னும் பிறக்கவில்லை.

வந்ததற்கு நன்றியாக அவள் எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்த்தாள். அங்கேதான் சிக்கல். மனத்தில் குறையே இல்லாத அந்தப் பெண்களின் கையில் பட்டையைச் சுற்றியதும் கருவி வேறு கதை சொன்னது. "உன் மிஷினுக்கு வெயில் ஏறிடுச்சு," என்றாள் ருஸ்மினி. கஸியாத்திக்கு மட்டும் லுத்பியா திரும்பத் திரும்பப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் நூற்றுத் தொண்ணூறைத் தாண்டியே நின்றது.

"இபு, இது விளையாட்டில்ல. நாளைக்கே சுகாதார நிலையத்துக்குப் போகணும். மூளையில ரத்தக்குழாய் வெடிச்சா ஐயா மாதிரி நீங்களும் படுத்துடுவீங்க."

"போறேன், போறேன். அடுத்த வாரம்."

அடுத்த வாரம் என்பது கஸியாத்தியின் பரண். கணவரின் ஆடும் பல், ஒழுகும் ஓடு, தன் முட்டிவலி எல்லாம் அதில்தான் கிடந்தன.

மேற்பார்வையாளர் டாக்டர் இம்ரோன் ஹஜ்ஜுக்குக் கிளம்பும் மும்முரத்தில் இருந்தார். அட்டவணையைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"பயானுக்கு வர்றவங்களும் முழு மார்க். வராதவங்களும் முழு மார்க்கா?"

"வராதவங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க போட்டுட்டாங்க, டாக்டர்."

அவர் அட்டவணையை மூடி வைத்தார். பிறகு சோர்வோடு சொன்னார்: "ஒண்ணு, இது சொர்க்கமா இருக்கணும். இல்ல, பொய்யா இருக்கணும். சொர்க்கத்துல ஆய்வு நடத்த நாம நெறிக்குழுகிட்ட அனுமதி வாங்கல. தனித்தனியா மறுபடி கேளு. நான் விமானம் ஏறறதுக்குள்ள கொண்டு வா. இல்லேன்னா நான் திரும்பி வந்தப்புறம்தான் கையெழுத்து. உன் செட்டோட நீ டாக்டர் உறுதிமொழி எடுக்க முடியாது."

லுத்பியா வீடு வீடாக ஏறி இறங்கினாள். எல்லா வீட்டிலும் தித்திக்கத் தித்திக்கத் தேநீர் கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை. "போன தடவை சொன்னதேதான், எழுதிக்கோ." அதையே அழுத்திக் கேட்டால், "ஏன், தப்பாச் சொல்லிட்டோமா?" அல்லாஹ்வின் வீட்டில் மைக்குக்கு முன்னால் சொன்னதை அடுப்படியில் மாற்றிச் சொல்ல யாருக்கு மனம் வரும்? கடைசியில் தன் வீட்டு அடுப்படிக்கே வந்து சேர்ந்தாள்.

கஸியாத்தி எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் ஒரு கையைச் சுவரில் ஊன்றி நின்றிருந்தார்.

"கடந்த ரெண்டு வாரத்துல களைப்பா இருந்துச்சா, இபு?"

"இல்ல."

"சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க."

"பழைய சுவரு. நான்தான் அதைத் தாங்கிட்டு நிக்கிறேன்."

லுத்பியா பேனாவை மூடினாள். அடுக்களை மணையில் உட்கார்ந்து முகத்தைக் கையால் தேய்த்துக்கொண்டாள். "ஒரே ஒரு தடவை நிஜத்தைச் சொன்னா என்ன இபு?"

கஸியாத்தி தெம்பேயைத் திருப்பிப் போட்டார். "உனக்குப் புரியாது கண்ணு. அவரை நான் மூணு வருஷமாப் புரட்டிப் போடறேன். ஒரு நாள் ஒரு வார்த்தை முகம் சுளிச்சதில்ல. அந்தப் பொறுமைக்கு அங்க அல்லாஹ்கிட்ட கூலி எழுதியிருக்கும். வாய்விட்டு அலுப்புன்னு சொன்னா அது குறைப்படறது ஆயிடும். மூணு வருஷக் கூலியை உன் நாலாம் நம்பர் கேள்விக்குக் குடுத்துட்டு நான் எங்க போவேன்?"

லுத்பியாவுக்குத் தன் இரண்டாம் அத்தியாயம் நினைவுக்கு வந்தது. 'இஸ்லாமிய நோக்கில் பொறுமை' என்று அதில்தான் எழுதியிருந்தாள். "பொறுமைக்குப் பேர்போன அய்யூப் நபியே தன் கஷ்டத்தைச் சொல்லியிருக்காங்களே, இபு. அவங்க பொறுமை போயிடுச்சா?"

"அவங்க அல்லாஹ்கிட்ட சொன்னாங்க. நீ மூணாம் ரூம்காரி. துவைக்கப் போட வேண்டிய துண்டையே இன்னும் தரல."

இரண்டாம் அத்தியாயம் அத்தோடு முடிந்தது.

அடுத்த புதன்கிழமை, லுத்பியா ஆய்வைத் தள்ளிப்போடப் போகிறேன் என்று சொல்லி நன்றி கூறத்தான் கூட்டத்துக்கு வந்தாள். சொன்னதும் பெண்களுக்குப் பொறுக்கவில்லை. நம்ம பொண்ணு நம்மால பெயிலாவதா? "போன தடவை சத்தம் பத்தல போல," என்று தீர்மானித்தார் இபு ஹிந்துன். வினாத்தாளை வாங்கினார், மைக்கைத் தட்டினார். லுத்பியா ரத்த அழுத்தக் கருவிப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

கஸியாத்தி முன்வரிசையில் தூணில் சாய்ந்திருந்தார். கூடத்துத் தரை குளிர்ச்சியாக இருந்தது. யாரையும் புரட்டவேண்டியதில்லை. முதல் கேள்வியிலேயே கண் செருகிவிட்டது.

"களைப்பாக, சக்தியே இல்லாமல்..."

"இல்லே!" என்று கூடம் அதிர்ந்தது. அந்த அதிர்வில் விழித்துக்கொண்ட கஸியாத்தி, அரைத் தூக்கத்தில், எல்லோரும் ஓய்ந்தபின் தனியாகச் சொன்னார்: "ஆமா."

தலைகள் திரும்பின. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

இபு ஹிந்துன் நல்லவர். தப்பிக்க வழிவிட்டார். "இபு கஸியாத்தி அசந்துட்டாங்க, கேள்வி காதுல விழல. மறுபடி வாசிக்கிறேன். இங்க, இதுல சொல்லுங்க." மைக்கை அவர் வாய்க்கு அருகே நீட்டினார். "களைப்பாக..."

இப்போது கஸியாத்தி முழுக்க விழித்திருந்தார். 'இல்லை' நாக்கு நுனியில் பழக்கமாக வந்து நின்றது. எதிரே லுத்பியா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கருவிப் பை மடியில் இருந்தது. அலுப்பென்று சொன்னால் பொறுமைக்கான கூலி போய்விடும், அது தெரியும். இல்லை என்று அல்லாஹ்வின் வீட்டில் பொய் சொன்னால் என்ன போகும் என்று அவர் அதுவரை யோசித்ததில்லை. இப்போது யோசித்தார். சொல்லிவிட்டுப் போய் விழுந்தால் கணவரை யார் புரட்டுவார்கள் என்றும் யோசித்தார்.

"கேள்வி விழுந்துச்சு இபு," என்றார் மைக்கில். "எனக்குக் களைப்பா இருக்கு. ரொம்ப நாளாவே."

வெளியே ஒலிபெருக்கி அதைத் தெரு முழுக்கச் சொன்னது. தேநீர்க் கடையில் இருந்தவர்கள், அன்றைய பயான் வழக்கத்தைவிடச் சுருக்கமாக இருப்பதாக நினைத்தார்கள்.

"எனக்கு முட்டி மட்டும்தான்," என்றாள் ருஸ்மினி, யாரும் கேட்காமலே. கொஞ்ச நேரம் கழித்து, "ராத்திரியில மனசும்," என்றாள்.

இபு ஹிந்துன் மைக்கின் பொத்தானை அணைத்தார். கடைசிப் பிரார்த்தனையான துஆ முடியாமல் அவர் அணைத்து யாரும் பார்த்ததில்லை. தாள்களைத் தானே விநியோகித்து, ஆளுக்கொரு சுவர்ப் பக்கம் திரும்பி உட்காரச் சொன்னார். கண்ணாடி இல்லாதவர்களுக்கு லுத்பியா ஒவ்வொருவராகக் காதோடு வாசித்தாள். இபு ஹிந்துனும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் போனார். எல்லோரும் கொடுத்த பிறகும் அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கஸியாத்தி கணவரின் முகத்தைப் பார்க்காமல் விரிப்பைச் சரிசெய்தார். ஸர்ஜோனோவுக்கு மிஞ்சியிருந்த வார்த்தைகள் கொஞ்சம். அவற்றில் ஒன்றைச் சிரமப்பட்டு எடுத்தார்.

"கே... கேட்டுச்சு."

"கேட்டா என்ன, கஞ்சி குடிங்க," என்றார் கஸியாத்தி. அவர் கொஞ்சம் வேகமாக விழுங்கியதுபோல் இருந்தது. கஸியாத்தி அப்படி நினைத்துக்கொண்டதாகவும் இருக்கலாம்.

மறுநாள் காலை ஸர்ஜோனோவைப் புரட்டும் பொறுப்பை மூன்றாம் அறையும் ஐந்தாம் அறையும் ஏற்றன. பாடத்தில் படித்ததைவிட அவர் கனமாக இருந்தார். சுகாதார நிலையத்து பெஞ்சில் கஸியாத்தி நன்றாகத் தூங்கிப்போய்த் தன் வரிசை எண்ணைத் தவறவிட்டு, மறுபடி கடைசியிலிருந்து காத்திருந்தார்.

டாக்டர் இம்ரோன் பெட்டி கட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பயானுக்குப் போவதற்கும் மன நிம்மதிக்கும் தெளிவான தொடர்பு எதுவும் தென்படவில்லை என்பது முடிவு. கல்லூரியின் ஆண்டுக் கருத்தரங்கில் வாசிக்க அது தோதுப்படவில்லை. லுத்பியா நடுத்தர மதிப்பெண்ணில் தேறி, தன் செட்டோடு உறுதிமொழி எடுத்தாள். துண்டைத் துவைக்கப் போட்டாள். அச்சான பிரதியில் பதினேழாம் எண்ணுக்கு நேரே மனநலம் குறைவு என்று திருத்தப்பட்டிருக்கிறது. தொழில் இல்லை என்பது அப்படியே இருக்கிறது. அதை யாரும் சரிபார்க்கவில்லை. மூன்று வருடக் கூலி என்ன ஆயிற்று என்று கஸியாத்தி இபு ஹிந்துனிடம் கேட்டார். வீட்டில் இமாமிடம் கேட்டுச் சொல்வதாக இபு ஹிந்துன் சொன்னார். இன்னும் சொல்லவில்லை.

நடந்தது இவ்வளவுதான்: ஒரு புதன்கிழமை அஸருக்குப் பின் கஸியாத்தி தனக்குக் களைப்பாக இருக்கிறது என்று சொன்னார். மறுநாள் போய் மருந்து வாங்கி வந்தார்.