மாதக் கடைசியில் நின்றுபோன கை

என் மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரும் "ஐயோ பாவம்" என்று இழுக்க வேண்டாம். அவள் பள்ளிக்கூடம் போனாள், இங்கிலீஷ் படித்தாள், தன்னைப் போலவே காது கேட்காத ஒருவரைத் தானே பார்த்துப் பிடித்துக் கட்டிக்கொண்டு புனேயில் குடித்தனம் நடத்துகிறாள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், மெதுவாக எழுதுவேன். அவள் செல்போனில் அடித்து அனுப்புவதெல்லாம் இங்கிலீஷ் எழுத்து. ஆகையால் நாங்கள் இரண்டு பேரும் பேசுவதென்றால் கையால்தான். கை தெரிய வேண்டுமென்றால் படம் வேண்டும். படம் வர நெட் வேண்டும். நான் சொல்ல வந்தது அந்த நெட்டைப் பற்றித்தான்.

எங்கள் கைப் பேச்சை எந்தப் பள்ளியும் சொல்லித் தரவில்லை. நாங்களே உண்டாக்கிக்கொண்டது. ஊசியை இழுக்கிற மாதிரி காட்டினால் அது நான். தி. நகரில் ஒரு ஜவுளிக்கடை மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து புடவைகளுக்கு ஃபால்ஸ் தைக்கிறவள். கழுத்தில் டேப்பைத் தொங்கவிடுகிற மாதிரி காட்டினால், டெய்லராக இருந்து போய்ச் சேர்ந்த என் வீட்டுக்காரர். மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளினால் என் மகன். பேர் சொல்லி ஒருவரை ஒருவர் கூப்பிடும் பழக்கமே எங்கள் வீட்டில் வளரவில்லை.

அவள் சின்னவளாக இருந்தபோது ஒருநாள் அடையாறு பஸ்ஸில் கையால் பேசிக்கொண்டு போனோம். எதிர் சீட்டில் ஒரு ஆள் எங்களைப் போலவே கையை ஆட்டிக் காட்டிப் பக்கத்தில் இருந்தவனைச் சிரிக்க வைத்தான். நான் எழுந்து போய், "இன்னொரு வாட்டி ஆட்டு, கை தோள்ல இருக்குதான்னு பாத்துடலாம்" என்றேன். அவன் கையை மடியில் வைத்துக்கொண்டான். அன்றிலிருந்து நாங்கள் வெளியே வைத்துக் கையால் பேசுவதில்லை. பயந்து அல்ல. ஊருக்கு ஓசியில் வேடிக்கை காட்ட எனக்கு இஷ்டமில்லை, அவ்வளவுதான்.

மகனும் மருமகளும் மேற்கு மாம்பலத்தில் என்னோடு இருக்கிறார்கள். மகள் புனே போனதும் மகன் வீட்டுக்கு நெட் இழுத்துவிட்டான். இது பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய சங்கதி. செல்போனில் வருகிற நெட்டில் அப்போது படம் உருப்படியாக வராது. கம்ப்யூட்டர்தான் கதி.

"மாசத்துக்கு இவ்ளோதான்மா லிமிட். அதத் தாண்டினா ஸ்பீடு விழுந்துடும். அடுத்த பில் தேதி வந்தாதான் திரும்ப ஃபுல் ஸ்பீடு" என்றான் மகன்.

"தாண்டினா நெட்டே வராதா?"

"வரும். எறும்பு ஊர்ற மாதிரி வரும்."

இதில் எனக்குப் புரியாதது ஒன்றுமில்லை. எங்கள் தெருவில் தண்ணீர் அப்படித்தானே வருகிறது. விடியற்காலையில் குழாய் வரும் கொஞ்ச நேரத்துக்குள் குடம், டிரம், அண்டா, கடைசியில் டீ சொம்பு வரைக்கும் நிரப்பிவைப்போம். பிறகு மொண்டு மொண்டு செலவு செய்வோம். இன்றைக்கு மிச்சமானது நாளைக்கு ஆகும். நெட்டையும் அந்த மாதிரியே வைத்துக்கொண்டேன். யாரும் பார்க்காத நேரத்தில் மோடத்தின் சுவிட்சை அணைத்துவிடுவேன்.

"அத்தை, மோடத்த யாரு ஆஃப் பண்ணது?" என்று மருமகள் தேடிக்கொண்டு வருவாள்.

"நாந்தான். சும்மா மினுக்கிட்டே கெடக்குது. அதுபாட்டுக்குச் சொட்டிட்டே இருக்காதா?"

"நெட்டு சொட்டாது அத்தை."

"நீ பாத்தியா?"

அவள் சிரித்துக்கொண்டே போய்ச் சுவிட்சைப் போடுவாள். அவள் அந்தப் பக்கம் போனதும் நான் அணைப்பேன்.

மகள் பிரசவத்துக்கு வந்தாள். ஆண் குழந்தை. மூன்று மாதம் எங்களோடு இருந்தாள். அவளே வீட்டில் இருக்கும்போது நெட் எதற்கு? மகனைக்கூடக் கிரிக்கெட் பார்க்க விடவில்லை. அவள் திரும்பிப் போகும்போது, மூன்று மாத நெட் எங்கேயோ ஒரு டிரம்மில் தளும்பி நிற்கிறது என்ற தெம்பில் இருந்தேன்.

அந்தத் தெம்பில்தான் தாராளமாகச் செலவு செய்தேன். புடவைக் கட்டை வீட்டுக்கே கொண்டுவந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். கை வேலையில் இருக்கும்போது எங்களால் பேச முடியாது. அதனால் படம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே அவள் சப்பாத்தி இடுவாள், இங்கே நான் தைப்பேன், நடுவில் குழந்தை தூங்கும். தூங்குகிற குழந்தையை மத்தியானம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வெறும் ஆசைக்காக மட்டும் பார்க்கவில்லை. அவனுக்குக் காது கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறந்த ஆஸ்பத்திரியில் மெஷின் வைத்துப் பார்த்துவிட்டு, "தெளிவா தெரியல, சில மாசம் கழிச்சு மறுபடி பாருங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இங்கே இருந்தபோது நானே கரண்டியால் தட்டிப் பார்த்தேன். ஒரு தடவை திடுக்கிட்டான். மனசு நிறைந்தது. அடுத்த தடவை முதுகுப் பக்கம் நின்று தட்டினேன், கண்ணைக்கூடத் திருப்பவில்லை. முதல் தடவை கரண்டியைப் பார்த்துத் திடுக்கிட்டானோ என்னவோ. அதற்குப் பிறகு தட்டிப் பார்க்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

புனேயில் மறுபடி சோதனை செய்த அன்று சாயங்காலம் கம்ப்யூட்டரில் வந்தாள். குழந்தை அவள் இடுப்பில் இருந்தான். அவளே வலது கையைத் தூக்கினாள். ஆள்காட்டி விரல் குழந்தையின் காதுப் பக்கம் போனது. அங்கேயே நின்றது.

அடுத்து அந்தக் கை பூ மாதிரி விரிந்தால், கேட்கிறது. கவிழ்ந்தால், கேட்கவில்லை. விரியவும் இல்லை, கவிழவும் இல்லை. முகத்தைப் பார்த்தாவது தெரிந்துகொள்ளலாம் என்றால் அது சதுரம் சதுரமாக உடைந்து கிடந்தது. கண் பாதி மூடியிருந்தது. பிறகு படமே போய்விட்டது.

"லிமிட் முடிஞ்சுபோச்சும்மா" என்றான் மகன்.

"எப்படி முடியும்? மூணு மாசத்து மிச்சம் இருக்குதே!"

"எந்த மிச்சம்?"

சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "அது சேராதுமா. பில் தேதி வந்தா பழசு போயிடும், புதுசா ஆரம்பிக்கும்."

"துட்டு கட்டினது தானே? எங்க போவும்?"

"போயிடும்மா."

"அப்ப யாரு எடுத்துக்கறாங்க?"

இன்றைக்கு வரைக்கும் எனக்கு யாரும் அதைச் சொல்லவில்லை.

கம்பெனிக்குப் போன் போட்டான். பிளானை மாற்றினாலும் அடுத்த பில்லிலிருந்துதான் என்றார்கள். தங்கைக்குச் செல்போனில், காது கேட்கிறதா இல்லையா என்று நேராகவே கேட்டு அனுப்பினான். பதில் உடனே வந்தது. படித்துக் காட்டினான்: 'அம்மாகிட்ட நானே சொல்றேன். உன்கிட்ட சொல்ல மாட்டேன்.'

மறுபடியும் கேட்டான். அதே பதில்.

அவள் என் மகள். ஒன்று முடிவு செய்தால் அசைய மாட்டாள். அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு ராத்திரி எப்படித் தூங்குவது? நல்ல செய்தி என்றால் யார் மூலமாகவும் சொல்லலாமே. சொல்லவில்லை என்றால் என்ன அர்த்தம்? பில் தேதிக்கு இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது. என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். மோடத்தைப் போட்டேன், அணைத்தேன். கம்ப்யூட்டரில் படம் வருமா என்று பார்க்கச் சொல்லி மருமகளைத் தொந்தரவு செய்தேன். வரும், அவள் நெற்றி தெரியும், நிற்கும். குழந்தைக்குக் காது கேட்டாலும் கேட்காவிட்டாலும் எனக்கு அவன் பேரன்தான். ஒன்றை வளர்த்தவளுக்கு இன்னொன்றை வளர்க்கத் தெரியாதா? இப்படி எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். சொல்லி முடிப்பதற்குள் அந்த விரல் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடும்.

மாடிப்படிக்குக் கீழே என் பக்கத்தில் உட்கார்ந்து தைக்கிறவள் என்னைவிடச் சின்னவள், வாய்த்துடுக்கு. என் மடியிலிருந்த புடவையை எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, ஃபால்ஸ இடுப்புல சொருவிக்கப் போறாங்களா? மேல் கரையில தச்சுக்கினு கீற!"

குனிந்து பார்த்தேன். உண்மைதான். கீழ்க் கரையில் தைக்க வேண்டியதை மேலே தைத்திருந்தேன். இத்தனை வருஷத்தில் அப்படி நடந்ததில்லை.

"பிரிச்சிடறேன்."

"அத்த வுடு. மூஞ்சி இன்னாத்துக்கு இப்டி கீது? சொல்லு."

சொன்னேன்.

"இதுக்கா? ஸ்டேஷன் பக்கத்துல நெட் சென்டர் கீதே. அங்க லிமிட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. போய்க் குந்திக்கினு பேசு."

"அங்க பத்துப் பேரு உக்காந்திருப்பான். நாங்க வெளிய பேசறதில்ல."

"ஏன், உன் கையில இன்னா தங்கமா ஒட்டிக்கீது, பாத்தா ஒருத்தன் பிச்சிக்கினு போவ? போக்கா. உன் பொண்ணு மூஞ்ச பாப்பியா, அவனுங்க மூஞ்ச பாப்பியா?"

சுருக்கென்றது. மேல் கரைத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தேன். பாதி பிரித்தேன். பிறகு புடவையை அவள் மடியில் போட்டுவிட்டு எழுந்தேன்.

மாம்பலம் ஸ்டேஷன் கூட்டத்தைத் தாண்டி, குறுகலான மாடிப்படி. நெட் சென்டர்காரர் அடையாள அட்டை கேட்டார், ஓட்டுப் போடும் அட்டையைக் கொடுத்தேன். மகனுக்குப் போன் செய்து தங்கையைக் கம்ப்யூட்டருக்கு வரச் சொல்லும்படி சொன்னேன். பலகை அடித்த ஒரு கூண்டுக்குள் என்னை உட்கார வைத்தார்கள். மகள் வந்தாள். முகம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. நான் கையைத் தூக்கினேன். முழங்கை பலகையில் இடித்தது.

"மெதுவாம்மா, பலக பேந்துடப் போவுது" என்று சென்டர்காரர் குரல் வந்தது.

அவளுக்கோ என் மூக்கும் வாயும் மட்டும்தான் தெரிந்தன. 'கையைக் காட்டு, கையைக் காட்டு' என்றாள். காட்ட இடமில்லை. வெளியே வந்து, "இடம் இருக்கற கம்ப்யூட்டர் ஒண்ணு குடுங்க. எங்களுக்குக் கைதான் பேச்சு" என்றேன். கல்லாப் பக்கத்தில், எல்லோரும் பார்க்கும்படி ஒன்று இருந்தது. அதுதான் இருக்கிறது என்றார்.

அதன் முன்னால் போய் நின்றேன். என் முதுகில் எத்தனை கண் என்று எனக்குத் தெரியும். மகளுக்கும் தெரிந்தது. என் பின்னால் இருந்த முகங்களைக் காட்டி, 'யார் இவர்கள் எல்லாம்? வெளியிலா நிற்கிறாய்?' என்று கேட்டாள். பஸ்ஸில் நடந்ததை அவளும் மறக்கவில்லை.

'இருக்கட்டும். நீ சொல்லு' என்றேன்.

விரல் குழந்தையின் காதுக்குப் போனது. கை விரிந்தது. பூ மாதிரி, நன்றாக, ஐந்து விரலும் விரிந்தது.

நானும் என் கையை அப்படியே விரித்துக் காட்டினேன். ஆனால் அவள் சிரிக்கவில்லை. அழுதுகொண்டே கையால் சொன்னாள்: 'சமையலறையில் பாத்திரம் விழுந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. இவன் திரும்பிப் பார்த்தான். இவனைப் பார்த்துத்தான் நான் போய்ப் பார்த்தேன். இந்த வீட்டில் பேச்சுச் சத்தமே கிடையாது, அம்மா. இவன் யாரிடம் கேட்டுப் பேச்சுப் பழகுவான்? நாளைக்கு இவனுக்கும் எனக்கும் நடுவில் என்ன இருக்கும்?' பிறகு ஊசியை இழுத்துக் காட்டி, தன் வாயைத் தொட்டு, குழந்தையின் காதைக் காட்டினாள். நீ பேசு.

இதைக் கேட்கத்தான் காத்திருந்திருக்கிறாள். இதை அண்ணன் மூலமாக எப்படிக் கேட்பாள்?

அவள் குழந்தையைக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் பிடித்தாள். எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. அவளோடு பேசும்போது வாயைத் திறந்தே எனக்குப் பழக்கமில்லை. "டேய்" என்றேன். "டேய் ராசா! யார்ரா நீ? ஊசிக்காரி பேரன்டா நீ!" அவன் தலையைத் திருப்பித் தேடினான். நான் இன்னும் உரக்கக் கத்தினேன்.

"அம்மா, மெதுவாப் பேசுங்க, மத்த கஸ்டமர் இருக்காங்க" என்றார் சென்டர்காரர்.

"கைய ஆட்டினா பலக பேந்துடும்ன்ற, வாயத் தொறந்தா சத்தம்ன்ற. நான் எதாலதான்யா பேசறது?"

யாரோ சிரித்தார்கள். திரும்பி முறைக்க எனக்கு நேரமில்லை.

அதற்குப் பிறகு நெட்டின் லிமிட்டைக் கைக்கு என்று ஒதுக்கினோம். குரலுக்கு அது தேவையில்லையே, சாதாரணப் போன் போதும். தினமும் காலையில் குழாயடியில் உட்கார்ந்து போன் செய்வேன். அவள் கையில் போன் அதிரும், எடுத்துக் குழந்தையின் காதில் வைப்பாள். நான் பேசுகிறேனா, முடித்துவிட்டேனா என்பது அவளுக்குத் தெரியாது. அவன் முகத்தைப் பார்த்துத்தான் எடுப்பாள். அவர்கள் முகம் எனக்குத் தெரியாது. அதனால் நான் நிறுத்தாமல் பேசுவேன். கத்தரிக்காய் விலை, மாமன் கிரிக்கெட் பார்க்க முடியாமல் முறைப்பது, குடம் நிரம்புகிற சத்தம்.

சில மாதம் கழித்து ஒருநாள் அப்படிப் பேசிக்கொண்டே, "என்னடா, கேக்குதா?" என்றேன். அந்தப் பக்கத்திலிருந்து "ம்" என்று வந்தது. திரும்பக் கேட்டேன். திரும்பவும் "ம்."

போனை அவன் காதில் வைத்திருந்தவளுக்கு அது தெரியாது. தன் பிள்ளை பதில் சொன்னான் என்பதை அவளுக்கு நான்தான் சொல்ல வேண்டும், அதுவும் கையால் சொல்ல வேண்டும். அன்றைக்கு மாதக் கடைசி. வீட்டு நெட் எறும்பாக ஊர்ந்துகொண்டிருந்தது. மகனை எழுப்பித் தங்கைக்குச் செய்தி அனுப்பச் சொல்லிவிட்டு, குழாய் ஓடிக்கொண்டிருக்கும்போதே குடத்தை அப்படியே விட்டுவிட்டு, நெட் சென்டர் திறப்பதற்கு முன்னாலேயே போய் அந்த மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன்.