பந்தக்கால் நட்ட அன்று விராலுக்குப் போனது

பந்தக்கால் நட்ட பிறகு மாப்பிள்ளையை வெளியே விடக்கூடாது. அப்படியே விட்டாலும் ஏரி, குளம், கிணற்றுப் பக்கம் கூட்டிப்போகவே கூடாது. இதை என் மனைவி அன்று காலையிலிருந்து என்னிடம் மூன்று முறை சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை அவளுடைய தம்பி, எனக்கு மச்சான். அவனைத்தான் பதினொன்றரை மணிக்கு வண்டியின் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, வெள்ளானூருக்கு அப்பால் இருக்கும் ஒரு ஏரிக்கு விரால் பிடிக்கப் போனேன். சமையல்காரரைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று வீட்டில் ஒரு பொய்.

எனக்குப் புத்தி கெட்டுப்போய்விட்டதா என்றால், ஆமாம். ஆனால் காரணமும் இருந்தது.

நான் சாத்தூர்ப் பக்கத்துக்காரன். ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர் வேலை. குவார்ட்டர்ஸில் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன். மனைவி கோவில்பதாகைக்காரி. மாமியார் சீக்கிரமே போய்விட்டதால் தம்பியை வளர்த்து ஆளாக்கியது அவள்தான். எனக்கு யாரோடும் அவ்வளவு சுலபமாக ஒட்டாது. பேச்சில் காரம் அதிகம் என்பார்கள். என் பேச்சைத் தாங்கிக்கொண்டு என்னோடு நாள் முழுக்க உட்காரக்கூடிய ஒரே ஆள் இந்த மச்சான்தான். அவன் அம்பத்தூரில் ஒரு கடையில் ஏ.சி. மெக்கானிக். கத்திரி வெயில் வந்தால் அவனுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. விரால் பிடிக்க ஏற்ற காலமும் அதுவேதான். போன இரண்டு கோடையிலும் அவனுக்கு லீவு கிடைத்தது மொத்தம் மூன்று ஞாயிற்றுக்கிழமை. இந்த வருஷம் கல்யாணத்துக்காகப் பத்து நாள் லீவு கொடுத்திருந்தார்கள்.

அந்த ஏரியில் ஒரு விரால் இருந்தது. இரண்டு கோடையாக அதைத் தெரியும். ஒரு முறை என் தூண்டில் நரம்பை அறுத்தது, ஒரு முறை அவனுடையதை. தலை மட்டும் என் முன்னங்கை தடிமன் இருக்கும். இந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டதால் ஏரி சுருங்கி, நடுவில் ஒரு பள்ளத்தில் மட்டும்தான் தண்ணீர். அடுத்த வாரம் குத்தகைக்காரர் வலை போட்டு எல்லாவற்றையும் அள்ளிவிடுவார் என்று கேள்விப்பட்டோம். போனால் இந்த வாரம், இல்லாவிட்டால் இல்லை.

இவ்வளவும் உண்மை. ஆனால் இதற்கடியில் இன்னொன்று இருந்தது. கல்யாணம் ஆகிவிட்டால் இவன் வரமாட்டான் என்று எனக்குப் பயம். நாற்பத்தாறு வயது ஆம்பளை இதை யாரிடம் சொல்வது? அவனிடமே சொல்லவில்லை. "கடைசியா ஒரு தடவை வாடா" என்று மட்டும் சொன்னேன்.

"அக்காவுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிடும் மாமா," என்றான். சொல்லிக்கொண்டே லுங்கியை மாற்றி அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டான்.

நிழலுக்கு ஒரு ஃபிளெக்ஸ் எடுத்துக்கொண்டோம். கல்யாணத்துக்கு அடித்ததுதான். ஆறடிக்கு நாலடி, சவுக்குச் சட்டத்தில் அடித்து முந்தின நாள் வந்தது. பெண், மாப்பிள்ளை இரண்டு பேர் முகமும் மஞ்சள் காமாலை வந்தவர்கள் மாதிரி இருந்ததால் அச்சடித்தவரே வேறொன்று போட்டுத் தருவதாகச் சொல்லி, கெட்டதை வீட்டுப் பின்னால் போட்டுவிட்டுப் போயிருந்தார். அதைத் தலைக்கு மேல் குடையாகப் பிடித்துக்கொண்டு அவன் பின்னால் உட்கார்ந்து வந்தான். வலது மணிக்கட்டில் காலையில் கட்டிய காப்பு. மஞ்சள் தேய்த்த கயிறு, மஞ்சள் துண்டு, இன்னும் ஈரம்கூடக் காயவில்லை. தெரிந்தவர்கள் பார்த்துவிடக் கூடாதே என்று சந்து சந்தாக ஓட்டினேன்.

ஏரியில் ஒரு ஈ காக்கை இல்லை. மாடு மேய்ப்பவர்கள்கூட அந்த நேரத்தில் நிழல் தேடிப் போய்விடுவார்கள். கரையிலிருந்து தண்ணீர் வரை நூறு அடிக்குக் காய்ந்த தரை, வெடிப்பு விட்டு, செருப்பு போட்ட காலையே சுட்டது. பள்ளத்தைச் சுற்றி அங்கங்கே கோரை. தண்ணீர் ஓரத்தில் ஃபிளெக்ஸை சாய்த்து, முட்டுக்கு இரண்டு கல் வைத்து, அதன் நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தோம்.

வெயிலில் விரால் பிடிப்பதில் அவசரப்படுகிறவன் ஏமாந்து போவான். சூடு ஏறினால் மீன் ஆழத்துக்குப் போய்விடும். ஆனால் விராலுக்குக் காற்று வேண்டும். கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை மேலே வந்து ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் கீழே போகும். அந்த இடத்தைக் கண் இமைக்காமல் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு நாலு முழம் தள்ளித் தவளையை எறிந்து, குதித்துக் குதித்து வருகிற மாதிரி இழுக்க வேண்டும். தவளை என்றால் நிஜத் தவளை இல்லை. பழைய ரப்பர் செருப்பில் நானே வெட்டி, இரட்டைத் தூண்டில் முள் பதித்துச் செய்வது. அன்று அவன் கையில் இருந்தது என்னிடம் மிச்சமிருந்த ஒரே நல்ல தவளை.

அரை மணி நேரம் ஒன்றுமில்லை. தலை கிறுகிறுத்தது. தண்ணீர் பாட்டில் டீயாகக் கொதித்துவிட்டது. "போலாமா மாமா? அக்கா போன் மேல போன் போட்டுகினு இருக்கும்," என்றான். இரண்டு போனும் வண்டிப் பெட்டிக்குள், வண்டி கரை மேல். "இன்னும் பத்து நிமிஷம்," என்றேன்.

அப்போது எழுந்தது. எதிர்க் கோரைக்குப் பக்கத்தில் ஒரு கரிய முதுகு, ஒரு குமிழி. அவன் எழுந்து எறிந்தான். சரியான எறிதல். தவளை இரண்டு குதி குதித்தது. மூன்றாவது குதிக்குத் தண்ணீர் பிளந்து, வாளியைக் கவிழ்த்த மாதிரி ஒரு சத்தம். அவன் அவசரப்படாமல் ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டுச் சுண்டினான். தூண்டில் கோல் வில்லாக வளைந்தது.

"மாட்டிக்கிச்சு மாமா! அதேதான்!"

மீன் இடப்பக்கக் கோரைக்குள் ஓடியது. நரம்பு கோரையில் சுற்றிக்கொண்டால் அறுந்துவிடும். இரண்டு முறை பட்டதுதான். கொஞ்சம் முன்னால் போய் நின்றால் நரம்பைக் கோரைக்கு வெளியே இழுத்துவிடலாம். முன்னால் இருந்த தரை காய்ந்து வெடித்து, பார்க்கக் கெட்டியாகத்தான் இருந்தது. அவன் தயங்கினான்.

"போடா! போன வருஷம் நாம நடந்த இடம்தானே!" என்று கத்தினேன்.

போன வருஷம் நடந்த இடம்தான். அதற்குப் பிறகு அங்கே லாரி வந்து மண் எடுத்ததும், எடுத்த குழியில் வண்டல் நிரம்பி மேலே மட்டும் ஆடை கட்டியதும் எனக்குத் தெரியாது. கரையில் லாரித் தடத்தைப் பார்த்தேன். பார்த்தும் யோசிக்கவில்லை. என் யோசனை முழுக்க மீனிடம் இருந்தது.

அவன் நாலு எட்டு வைத்தான். ஐந்தாவது எட்டில் தரை விட்டுவிட்டது. முழங்கால் வரை இறங்கினான். அடுத்த காலை ஊன்றி எடுக்கப் பார்த்தான், அதுவும் இறங்கியது. திரும்பி என்னைப் பார்த்தான்.

"மாமா, காலு மாட்டிக்கிச்சு."

சொல்லிவிட்டு, இரண்டு கையும் காலியாக வேண்டும் என்று கோலை என் பக்கம் நீட்டினான். நான் கெட்டி ஓரத்தில் மண்டியிட்டு எட்டிக் கோலை வாங்கினேன்.

வாங்கி, எழுந்து நின்று, மீனை இழுத்தேன்.

அவன் சொன்னது காதில் விழவில்லை என்று எழுதிவிடலாம். யார் கேட்கப்போகிறார்கள்? விழுந்தது. நன்றாக விழுந்தது. "இருடா, வருது," என்று பதில் வேறு சொன்னேன். கோலின் வழியாக அந்த மீனின் கனம் என் தோள் வரைக்கும் வந்தது. இரண்டு வருஷத்துக் கனம். ரீலைப் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றியிருப்பேன். மீன் கோரையை விட்டு வெளியே வந்து புரண்டது. வெள்ளை வயிற்றைப் பார்த்தேன். நான் சிரித்தேன் என்றுகூட நினைக்கிறேன்.

"அக்கா!"

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. இருபத்தெட்டு வயது ஆள், அங்கே இல்லாத அக்காவைக் கூப்பிட்டான். திரும்பினால், இடுப்புக்கு மேல் சேறு. கைகள் இரண்டும் மேலே. முகம் அந்த ஃபிளெக்ஸில் இருந்த நிறத்தில் இருந்தது.

கோலைப் போட்டேன். அது என் காலருகே விழுந்து, சரசரவென்று இழுபட்டுத் தண்ணீருக்குள் போய்விட்டது. நான் அதைப் பிடிக்கக் குனியவில்லை.

ஓடிப் போய்க் கையைப் பிடிக்கப் பார்த்தேன். இரண்டாவது எட்டிலேயே என் காலும் இறங்கியது. பின்னால் விழுந்து எப்படியோ உருவிக்கொண்டேன். கத்தினேன். யாரும் இல்லை. ஓடிப் போய் ஆள் கூட்டி வரலாம் என்றால் அதற்குள் மார்பு வரை இறங்கிவிடுவான் என்று பட்டது. அவன் காலை உதறிக்கொண்டே இருந்தான். உதற உதற இறங்கினான்.

"அசையாதடா! டேய், அசையாத! மல்லாந்து சாஞ்சுக்கோ!"

"முடில மாமா. புடிச்சி இழுக்குது."

ஃபிளெக்ஸைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். சட்டத்தோடு அப்படியே சேற்றின் மேல் படுக்கப் போட்டு, அதன் மேல் குப்புறப் படுத்து ஊர்ந்தேன். சட்டம் அமுங்கியது, ஆனால் தாங்கியது. அவன் மணிக்கட்டு கிடைத்தது. பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். ஒரு அங்குலம்கூட வரவில்லை. அவன் தோள்பட்டை கழன்றுவிடுமோ என்று பயந்தேன்.

அப்போதுதான் தொழில் ஞாபகம் வந்தது, மண்டைக்கு இல்லை, கைக்கு. இயந்திரத் துளைக்குள் இறுகிப்போன புஷ் வளையத்தை நேராக இழுத்தால் வராது. ஆட்டி ஆட்டிச் சுற்றிலும் இடம் விட்டு, உள்ளே காற்று போனால்தான் கழலும். தொழிற்சாலையில் தினமும் செய்கிற வேலை.

"ஒரு கால் போதும்டா. வலது கால். இழுக்காத. திருகு. கணுக்காலைச் சின்னதா சுத்து."

அவன் சுற்றினான். அவன் தொடையை ஒட்டிக் கையை விட்டு நான் சேற்றைத் தோண்டினேன். மேலே வெந்நீர் மாதிரி, ஒரு முழத்துக்குக் கீழே ஜில்லென்று இருந்தது. அவன் அழுதான். நானும் அழுதேன் என்று நினைக்கிறேன், வியர்வையில் தெரியவில்லை. "உன்னை விட்டுட்டு நான் எந்த மூஞ்சிய வெச்சுகிட்டுடா வீட்டுக்குப் போவேன்," என்று திட்டிக்கொண்டே தோண்டினேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. கடைசியில் உள்ளேயிருந்து ஏப்பம் விட்ட மாதிரி ஒரு சத்தம் வந்தது. வலது கால் மேலே வந்தது. அதை ஃபிளெக்ஸின் மேல் போட்டு, அடுத்த காலையும் அப்படியே திருகினோம். தன் முகத்தின் மேலும், கட்டிக்கொள்ளப் போகிறவள் முகத்தின் மேலும் ஊர்ந்து கெட்டித் தரைக்கு வந்து விழுந்தான்.

சூடான தண்ணீரை அவனுக்குக் கொடுத்தேன். பாதியைக் குடித்துவிட்டு மீதியை எனக்கு நீட்டினான்.

"மீனு போய்ச்சா மாமா?" என்று கேட்டான்.

மீதியைக் குடித்துவிட்டு, அவனைக் கைத்தாங்கலாக எழுப்பினேன்.

வழியில் ஒரு பம்புசெட்டில் குளித்து, துணியை அலசி, ஈரத்தோடு போட்டுக்கொண்டோம். வெயிலில் வீடு சேர்வதற்குள் காய்ந்துவிட்டது. யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்தேன். இலையைப் போட்டு இரண்டு பேரையும் உட்காரச் சொன்னாள் மனைவி. பந்தக்கால் நட்ட வீடு, அதனால் சாம்பாரும் அவரைக்காய்ப் பொரியலும். அவன் சோற்றில் கை வைத்தபோது அவள் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"காப்பு ஏன்டா இப்டி கருப்பாக்கீது?"

கயிறு கரியாக இருந்தது. அதை அலச இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அவன் கையைப் பின்னால் இழுக்கப் பார்த்து, பிறகு விட்டுவிட்டான். அக்காவிடம் அவனுக்குப் பொய் வராது.

"ஏரிக்குப் போனோம்க்கா. சேத்துல காலு மாட்டிக்கிச்சு."

கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கயிற்றை முந்தானையால் துடைத்தாள்.

"எவ்ளோ ஆழம்?"

"இங்க வரிக்கும்." விலாவைத் தொட்டுக் காட்டினான்.

என்னைப் பார்க்கவே இல்லை. பிறகு கேட்டாள்.

"நீ மாட்டிகினப்போ இவரு இன்னா பண்ணாரு?"

என் கை சோற்றிலேயே நின்றது. எல்லாவற்றையும் நானே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் சொல்லிவிட்டான், என் பக்கம் திரும்பாமல்.

"டக்னு கையப் புடிச்சிட்டாருக்கா. உட்டுட்டு அந்தாண்ட போவவே இல்ல."

அக்காவிடம் அவன் சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அது.

அவள் எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கரண்டியை எடுத்தாள். போதும் என்று இலையின் மேல் கையை மறைத்தேன். "சாப்பிடுங்க, வெயில்ல அலைஞ்சிருக்கீங்க," என்று என் கையை ஒதுக்கிவிட்டு, அவனுக்கு வைப்பதற்கு முன்பே எனக்குச் சோறு வைத்தாள்.