மேடம் கேட்ட எண்

காலையில் வேதவல்லி மேடத்தின் தம்பி கடலூர் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார். "அக்கா போயிட்டாங்க பாப்பா. வீட்டத் தொறந்து கூடத்த ஒழிச்சி வையி, நாங்க வந்துடுறோம்." சிதம்பரம் வீட்டுச் சாவி என்னிடம்தான் இருந்தது. திறக்கப் பயந்தேன். முந்தின நாள் நான் கொடுத்த எண்ணில் கம்ப்யூட்டர் உள்ளே கணக்கை முடித்திருக்கும்.

அவரிடம் இயற்பியல் படித்த உங்களுக்குத் தெரியும். கதிர்வீச்சு பாயும்போது டிஎன்ஏ எங்கெங்கே அறுகிறது என்றுதான் அவர் ஆயுள் முழுக்கக் கணக்குப் போட்டார். பார்வை மங்கியதும் திரையைப் படித்துச் சொல்ல ஆள் தேடினார். ஒன்பதாவதோடு நின்ற நான் போனேன். "சரளமாப் பேச வராதா? நல்லதாப் போச்சு. நம்பர மட்டும் படி" என்றார். டிஎன்ஏவின் இரண்டு இழைகளில் ஒன்று மட்டும் அறுந்தால் உடம்பே சரிசெய்துகொள்ளும், இரண்டும் சேர்ந்து அறுந்தால்தான் ஆபத்து என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

கணக்கைத் தொடங்க தினமும் ஓர் எண் கொடுக்க வேண்டும். எண் மாறினால் கதிரின் பாதை மாறும். அதை என்னையே சொல்லச் சொல்வார்.

பிறகு அவருக்கே புற்றுநோய் வந்து, கடலூரில் கதிர் சிகிச்சை தொடங்கியது. திரையில் அறுவது அவர் உடம்புதான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஒருநாள் 4172 கொடுத்தேன். அன்று இரண்டு இழைகளும் எங்கேயும் சேர்ந்து அறவில்லை. அதன்பின் வாயால் வேறு எண்ணைச் சொல்லிவிட்டு, கையால் 4172-ஐயே போட்டேன். ஒன்பது நாளும் அதே இடங்களில், ஓர் இழை மட்டும் அறுந்ததைக் காட்டும் அதே சிவப்புப் புள்ளிகள். பார்க்கப் பயம். மாற்ற அதைவிடப் பயம்.

பத்தாம் நாள் மேடம் என்னை நிறுத்தி, நான் படிக்காத அடுத்த மூன்று வரிகளைத் தானே சொன்னார். மூன்றும் திரையில் இருந்தன.

"ஒரே நம்பரப் போட்டா ஒரே ஆளையே திரும்பத் திரும்ப சுடும்டி. எல்லா வேலையும் பாழு."

காரணத்தைச் சொன்னேன்.

"மிஷினுக்கு என்னைத் தெரியாது பாப்பா. தெரிஞ்சா, நான் திட்டுன திட்டுக்கு எப்பவோ பழிவாங்கியிருக்கும்."

நான் நம்பவில்லை. அதன்பின் எண்ணை அவரே சொன்னார். கடைசி நாள் மட்டும் ஆஸ்பத்திரியிலிருந்து போனில், "இன்னிக்கி நீ குடு. புதுசா" என்றார். வாய்க்கு வந்ததைச் சொல்லி, அதையே போட்டேன்.

கதவைத் திறந்து, கூடத்தை ஒழிப்பதற்கு முன் திரையின் முன்னால் உட்கார்ந்தேன். சத்தமாகப் படித்தேன். ஒவ்வொரு வரிக்கும் மேடம் "ம்" என்பார். அதற்கு இடம் விட்டுவிட்டுப் படித்தேன். முடிவுவரை இரண்டு இழைகளும் சேர்ந்து அறுந்த இடம் ஒன்றுகூட இல்லை. வாசலில் வண்டி நின்றது. மேடத்தை இறக்கினார்கள்.

என் எண் அவரைக் கொல்லவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை. மேடத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தத் தெளிவு ஒன்றுதான்.